தம்பியின் கஞ்சாவும் கோயில் படியும்: ஓர் அக்காவின் கேள்விக்குப் பதில்

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு 23 வயது. கொழும்பில் ஒரு கடையில் மூன்று வருடம் நின்றார், வேலை போனது, மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்து வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். ஒரு நாளைக்கு நாலைந்து கஞ்சாச் சுருட்டு. விடச் சொன்னால் வீட்டில் சண்டை. போன மாதம் ஒரே ஒரு தடவை, "விட ஏலாது, வேணும்னா குறைக்கிறேன்" என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறார். தினமும் ஓடச் சொன்னால் கஞ்சா தானாக விட்டுப்போகும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, உண்மையென்றால் எப்படித் தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

தானாக விட்டுப்போகாது. ஆனால் குறையும், நன்றாகவே குறையலாம். உங்கள் தம்பி சொன்ன அந்த "குறைக்கிறேன்" என்ற சொல்லை யாரும் அற்பமாக எடுத்துவிடாதீர்கள். உடற்பயிற்சி வேலை செய்வது அந்தச் சொல்லில் இருந்துதான். இருபது வருடத்துக்கு மேல் பாடசாலைகளில் உடற்கல்வி படிப்பித்தேன். இப்போது சில வருடங்களாக மலையகத்து இளைஞர்களோடு போதைப் பழக்கத்தைப் பற்றிக் கதைப்பதுதான் என் வேலை. இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஆய்வு. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2011இல் வெளிவந்தது. கஞ்சாவுக்கு அடிமையான 12 இளம் வயதினர், சராசரி வயது 25. இவர்கள் சிகிச்சை கேட்டு வந்தவர்கள் அல்ல, விடும் எண்ணமும் இல்லாதவர்கள். உங்கள் தம்பியைப் போலத்தான். இரண்டு வாரத்தில் பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம், ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் வைத்தார்கள். யாரும் அவர்களைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு நாளைக்குச் சராசரியாக 5.9 ஆக இருந்த கஞ்சாச் சுருட்டு 2.8க்கு வந்தது. கஞ்சா குடிக்க வேண்டும் என்ற அந்த ஏக்கமும் குறைந்தது. பயிற்சியை நிறுத்திய அடுத்த இரண்டு வாரத்தில் 4.1க்குத் திரும்பவும் ஏறியது.

இந்த மூன்று எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பாதிக்குக் கீழே போனது நம்பிக்கை தருகிறது. பயிற்சி நின்றதும் திரும்ப ஏறியது எச்சரிக்கை. பன்னிரண்டே பேர், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை என்பதால் இதை முடிந்த முடிவாக யாரும் சொல்லக்கூடாது. ஆனால் நான் நேரில் பார்த்தவையும் இதே வழியில்தான் போயின. நடக்கும் வரை குறைகிறது. மழைக்காலம் வந்து நடை நின்றால் பத்து நாளில் பழைய கணக்கு. ஆகவே இரண்டு வாரத்து வைத்தியமாக நினைத்துத் தொடங்காதீர்கள்.

ஏன் குறைகிறது என்பதற்குள் நமக்குப் பழக்கமான ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. கஞ்சாவில் போதை தருகிற பொருளை விஞ்ஞானி ரஃபேல் மெஷூலமும் அவருடைய சக ஆய்வாளரும் இஸ்ரேலில் 1964இல் பிரித்தெடுத்தார்கள். அது நம் மூளையில் போய் ஒட்டுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறது என்றால், அந்த இடத்துக்கென்று உடம்பே சுரக்கிற ஒரு பொருளும் இருக்கத்தானே வேண்டும்? 1992இல் அதையும் மெஷூலத்தின் ஆய்வுக்கூடமே கண்டுபிடித்தது. வைத்த பெயர் ஆனந்தமைட். நம்முடைய ஆனந்தம்தான். சமஸ்கிருதத்திலிருந்து எடுத்து வைத்தார்கள். 2003இல் கல்லூரி மாணவர்களை 50 நிமிடம் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டு இரத்தத்தைச் சோதித்தபோது, இந்தப் பொருள் கூடியிருந்தது. பிற்பாடு செய்த இன்னொரு சோதனையில், மெதுவாக நடந்தவர்களுக்கு அது அவ்வளவாக ஏறவில்லை, மிகக் கடுமையாக ஓடியவர்களுக்கும் ஏறவில்லை, நடுத்தரமாக மூச்சு வாங்கியவர்களுக்குத்தான் ஏறியது. அதே ஆய்வாளர்கள் நாய்களை ஓடவிட்டும் பார்த்தார்கள், நாய்களுக்கும் ஏறியது. தோட்டத்துப் பாதையில் நாம் ஓடினால் லயத்து நாய்கள் ஒரு காரணமும் இல்லாமல் கூடவே ஓடிவரும் அல்லவா, அந்தச் சந்தோசம் பொய்யில்லை.

ஆனால் ஒன்று. தினமும் கஞ்சா எடுப்பவரின் மூளையில் அந்தப் பொருள் ஒட்டும் இடங்கள் குறைந்து மந்தமாகியிருக்கும். நிறுத்திய பிறகு அவை பழைய நிலைக்கு வர ஏறக்குறைய நாலு வாரம் ஆகிறது என்று மூளையைப் படம் பிடித்துப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. தம்பி முதல் வாரம் ஓடிவிட்டு வந்து, "ஒண்ணும் இல்ல அக்கா, கால்வலிதான்" என்று சொன்னால் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு இன்னும் அந்த ஆனந்தம் எட்டவில்லை. இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். சொல்லாமல் விட்டதால் இரண்டாம் வாரமே கைவிட்ட பையன்களை எனக்குத் தெரியும்.

இனி, தோட்டத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று. "நாள் முழுக்க மலையில வேல செய்றவனுக்கு எதுக்கு சேர் எக்சசைஸ்?" நியாயமான கேள்வி. உர மூட்டை தூக்குகிறவர், கவ்வாத்து வெட்டுகிறவர், கொழும்பில் கட்டட வேலை செய்கிறவர் எல்லோருமே உடம்பை முறித்துத்தான் வேலை செய்கிறார்கள். அவர்களிலும் கஞ்சா அடிப்பவர்கள் இருக்கிறார்கள். உழைப்பே மருந்தென்றால் அவர்களுக்கு அந்தப் பழக்கமே வந்திருக்கக்கூடாது.

வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. வேலையில் இதயம் நினைத்த மாதிரி துடிக்கும், தூக்கும்போது ஏறும், நிற்கும்போது இறங்கும். தொடர்ந்து அரை மணி நேரம் ஒரே சீராக மூச்சு வாங்குவது அபூர்வம். அதைவிடப் பெரிய வித்தியாசம், வேலை இன்னொருவர் சொல்லிச் செய்வது. நாள் சம்பளத்துக்குப் பேர் விழ வேண்டும், கொழுந்து கிலோ சேர வேண்டும் என்ற நெருக்கடி அதோடு இருக்கிறது. பின்னேரம் வீட்டுக்கு வரும்போது உடம்பு நோவு மட்டும்தான் மிச்சம், அந்த நோவுக்கே ஒன்றைப் பற்றவைக்கிறார்கள். தானே நேரம் குறித்து, தானே தூரம் குறித்து, "இன்றைக்கு நேற்றைவிட எட்டுப் படி கூட" என்று தானே எண்ணிச் செய்வது வேறு. நாள் முழுக்க யாரோ சொன்னதைச் செய்த ஒருவனுக்கு அந்த அரை மணி நேரம் மட்டும்தான் சொந்தம். நான் பார்த்தவரையில் உடற்பயிற்சியின் பாதிப் பலன் அங்கேதான் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு வேலையும் இல்லை. அவருக்கு நாள் முழுவதுமே ஒரு பெரிய வெற்றிடம். இன்னும் கூடுதலாகப் பலன் தரும்.

எந்த நேரத்தில் செய்வது என்பதைப் பற்றி இப்போது. பல பேர் தவறுவது இங்கேதான், நானும் இதில்தான் தவறினேன். தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஒன்பது இளைஞர்களைச் சேர்த்து, விடிய ஐந்தரைக்குக் கிரவுண்டுக்கு வரச் சொன்னேன். படிப்பித்த காலத்துப் பழக்கம், காலையில் பயிற்சி என்றால்தான் பயிற்சி என்ற எண்ணம். ஒரு வாரம் வந்தார்கள். பனியில் நடுங்கினார்கள். பிறகு மூன்று பேர், பிறகு ஒருவரும் இல்லை. வந்த நாட்களிலும் பின்னேரம் வழக்கம்போல் அடித்தார்கள். அவர்களில் ஒருவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார்: "சேர், காலையில எங்களுக்கு அந்த நெனப்பே இல்ல. பொழுது சாயும்போதுதான் கை தேடும்."

கை தேடும் நேரத்தில்தான் பயிற்சி இருக்க வேண்டும். கஞ்சா குடிக்க வேண்டும் என்ற வேகம் ஓர் அலை மாதிரி. எழும்பும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் பத்து இருபது நிமிடத்தில் இறங்கும். அது எழும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் கால் நடக்கத் தொடங்கிவிட்டால், உச்சியை நடையிலேயே கடந்துவிடலாம். தம்பிக்கு எந்த நேரம் என்று அவரிடமே கேளுங்கள். சில பேருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சில பேருக்குப் பின்னேரம் ஐந்தரை, சில பேருக்குப் படுக்கப் போகும்போது. மூன்றையும் ஒரே நாளில் வெல்லப் பார்க்க வேண்டாம். மிகச் சுலபமான ஒன்றை முதலில் பிடியுங்கள். படுக்கைக்கு முன்னால் எடுப்பதுதான் பெரும்பாலும் கடைசியாகப் போகும், ஏனென்றால் நித்திரை அதில் மாட்டியிருக்கிறது.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பையன், 21 வயது, ஒரு நாளைக்கு ஆறு. அவரோடு முதல் நாள் போனதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு ஒரு காட்சி கிடைக்கும். லயத்திலிருந்து மேலே கோயிலுக்குப் போகக் கல்படி இருக்கிறது. ஐந்தேகாலுக்கு ஏறத் தொடங்கினோம். நாற்பதாவது படியில் நின்றார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருமினார், கறுப்பாகச் சளி துப்பினார், வெட்கப்பட்டு அதைச் சப்பாத்தால் மண்ணைத் தள்ளி மூடினார். நான் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். பத்துச் செக்கனுக்கு 29 துடிப்பு. அது கூடுதல். உட்காராமல் மெதுவாக நடக்கச் சொன்னேன். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தோம். 22க்கு இறங்கியதும் திரும்ப ஏறினோம். அன்றைக்குக் கோயில் வாசல் வரை போகவில்லை. அரை மணி நேரம் முடிந்த இடத்திலிருந்தே திரும்பிவிட்டோம். இறங்கும்போது மழை தூறியது. கீழே வந்து காலைப் பார்த்தால் அவர் கணுக்காலில் இரண்டு அட்டை. சவர்க்காரம் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தபோது நேரத்தைக் கேட்டார். ஆறு மணி பத்து நிமிடம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அஞ்சரைக்கு அடிக்கிறது சேர் எப்பவும்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அன்றிரவு எட்டு மணிக்கு அடித்தார். மறுநாள் ஐந்து தடவைதான். வீட்டில் கோயில் கலண்டர் ஒன்று தொங்கியது, அதில் தேதிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு பேனையால் போடச் சொன்னேன். பொய் சொல்லக்கூடாது, கூடினாலும் போட வேண்டும், அதற்காக யாரும் ஏச மாட்டார்கள் என்பதுதான் உடன்பாடு. அவருடைய அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஆனால் கோடு எண்ணத் தெரியும். ஆறு வாரத்தில் ஆறு கோடு இரண்டாக வந்தது. பிறகு ஆடித் திருவிழா, பழைய கூட்டாளிகள் கொழும்பிலிருந்து வந்தார்கள், ஒரே நாளில் ஒன்பது கோடு. அந்த ஒன்பதையும் அவரே போட்டார். அதற்கடுத்த நாள் ஐந்தேகாலுக்குப் படியடியில் நின்றார்.

அளவைச் சொல்கிறேன். அந்த அமெரிக்க ஆய்வில் வைத்த கடுமை, 23 வயதுப் பையனுக்கு, சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 70 துடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 146க்கும் 159க்கும் இடையில் வரும். மணிக்கட்டில் பத்துச் செக்கன் எண்ணினால் 24 முதல் 26. கைக்கடிகாரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சின்ன வசனம் கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் அளவு. நம் மலையில் இதற்கு ஓடவே தேவையில்லை. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தட்டையான பாதையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், எங்கு திரும்பினாலும் ஏற்றம். வேகமாக ஏற்றம் நடந்தாலே அந்தத் துடிப்பு வந்துவிடும். முழங்காலுக்கும் நல்லது. இறக்கத்தில் ஓடவிடாதீர்கள், புதிதாகத் தொடங்குபவரின் முழங்காலும் கணுக்காலும் கெடுவது இறக்கத்தில்தான்.

முதல் வாரம் ஒன்றுவிட்ட ஒரு நாள், 15 நிமிடம். இரண்டாம் வாரம் 20. பிறகு வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம் வரை கொண்டுபோகலாம். உலக சுகாதார நிறுவனம் பொதுவாக வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடமும் அதுவே. மே மாதத்திலிருந்து மஸ்கெலியாப் பக்கம் மழை விடாது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு இப்போதே ஒரு மாற்று வைத்திருக்க வேண்டும். வாசற்படியில் ஏறி இறங்குவது, கயிறு தாண்டுவது, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும்புவது. மழை நாளுக்கென்று முன்பே ஒன்றைப் பழக்கிவைக்காதவர்களின் பயிற்சி முதல் அடைமழையோடு முடிந்துவிடும். தப்பு மேளம் அடிக்கத் தெரிந்த பையனென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் நின்று, ஆடி அடித்துப் பார்த்தால் தெரியும் வியர்வை.

பாதையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கொழுந்து மலைக்குள் ஒற்றையடிப் பாதைகளில் போவதானால் முதலில் அம்மாவிடம் கேளுங்கள், எந்த மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது என்று மலைக்குப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். குளவி கொட்டி ஆட்கள் இறந்த ஊர்கள் நம்முடையவை. இருட்டினால் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

கிரவுண்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், வொலிபோல் விளையாட அனுப்பலாமா என்று. நான் வொலிபோல் பயிற்றுவித்தவன், அந்த விளையாட்டின் மேல் எனக்கு உயிர். ஆனாலும் முதல் மாதம் அனுப்ப வேண்டாம். எத்தனையோ தோட்டங்களில் கிரவுண்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் அந்தக் கூட்டம் நிற்கிறது. விளையாட்டு முடிந்ததும் கால் அங்கே போகும். யாரோடு அடிக்கிறாரோ அவர்களோடு விளையாடினால் பயிற்சியின் பலன் அந்தத் தொட்டியடியிலேயே போய்விடும். அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒருவர் குறைக்க விரும்புகிறார் என்று தெரிந்தால், அந்த இருவரும் சேர்ந்து நடக்கட்டும். அது வேறு கதை, அது நன்றாக நடக்கும்.

புகையிலையை மறந்துவிடாதீர்கள். நம் ஊரில் பெரும்பாலும் சிகரெட்டைக் கசக்கித் தூளைக் கொட்டி, அதில் கஞ்சாவைக் கலந்து திரும்ப அடைக்கிறார்கள். ஆகவே தம்பி கேட்பது கஞ்சாவையா நிக்கொட்டினையா என்று அவருக்கே தெரியாது. கஞ்சாவைக் குறைத்துவிட்டு சிகரெட்டைக் கூட்டினால் இருமல் குறையாது, ஏற்றத்தில் மூச்சும் வராது, சலித்துப்போய்ப் பயிற்சியையும் விடுவார். கலண்டரில் சிகரெட்டுக்கும் தனிக் கோடு போடச் சொல்லுங்கள். பாபுல், மாவா போன்ற மெல்லும் புகையிலை போடுகிறவர் என்றால் அதற்கும். மருந்துக்கடையில் கிடைக்கிறது என்பதால் மதன மோதகம் என்ற ஆயுர்வேத மருந்தைப் பாதிப்பில்லாதது என்று நினைக்கிறார்கள். அதிலும் கஞ்சா இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"வேர்வையில கஞ்சா எல்லாம் வெளிய போயிரும்" என்று தம்பி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். போகாது. அது கொழுப்பில் போய்த் தங்கும் பொருள். வெளியேறுவது பெரும்பாலும் மலத்தோடும் சிறுநீரோடும், அதுவும் நாட்கணக்கில், தினமும் எடுத்தவருக்கு வாரக்கணக்கில். ஆஸ்திரேலியாவில் 2013இல் வந்த ஓர் ஆய்வில், வழக்கமாகக் கஞ்சா எடுக்கும் 14 பேரை 35 நிமிடம் சைக்கிள் மிதிக்க விட்டபோது, கொழுப்பில் கிடந்தது கரைந்து இரத்தத்தில் அதன் அளவு சிறிது கூடவே செய்தது. ஆபத்தான அளவில்லை. ஆனால் ஓடினால் உடம்பு சுத்தமாகிவிடும், அடுத்த நாள் புதுசாகத் தொடங்கலாம் என்ற எண்ணம் அவரிடம் இருக்கக்கூடாது. அடித்துவிட்டு உடனே ஓடுவதும் கூடாது. கஞ்சாவே இதயத் துடிப்பைக் கூட்டும், அதன்மேல் ஏற்றமும் சேர்ந்தால் தலை சுற்றி விழலாம்.

குறைக்கத் தொடங்கிய ஓரிரு நாளில் கோபம் வரும். சாப்பாடு இறங்காது. நித்திரை வராது, வந்தாலும் இரவு வியர்க்கும், கனவு கனவாக வரும், பயங்கரமான கனவுகளும் வரலாம். முதல் வாரத்தில்தான் கடுமை, பிறகு இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். நித்திரைக் குழப்பம் மட்டும் சில பேருக்கு இன்னும் இழுக்கும். கஞ்சா கனவு வரும் நித்திரையை அமுக்கி வைத்திருந்தது, அதை விட்டதும் கனவு திரும்பி வருகிறது. அதற்கு வேறு அர்த்தம் இல்லை. யாராவது பேய் கோளாறு என்று சொல்லிப் பூசாரியிடம் கூட்டிப்போகச் சொன்னால், அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்துங்கள். பின்னேரப் பயிற்சி இந்த நித்திரைக்குத்தான் மிகவும் உதவும். ஆனால் படுக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக முடிந்திருக்க வேண்டும். நடந்து வந்ததும் ஒரு ரொட்டியும் பருப்பும் தயாராக இருக்கட்டும். பசி அப்போதுதான் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். வெறும் பிளேன்டீயோடு விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் என்ன செய்வது? கூட நடங்கள். முதல் இரண்டு வாரம் முடிந்த நாட்களிலெல்லாம் நடங்கள். அறிவுரை வேண்டாம், நடக்கும்போது கஞ்சாவைப் பற்றியே கதைக்க வேண்டாம். அக்கா தம்பி நடக்கிறார்கள், அவ்வளவுதான். கோடு எட்டானாலும் முகம் சுளிக்காதீர்கள். "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அப்பாவுக்கும் சொல்லிவையுங்கள், சண்டை நடந்த இரவுக்கு அடுத்த நாள் கோடு கூடும். இதை நான் எத்தனையோ வீட்டுக் கலண்டர்களில் பார்த்துவிட்டேன்.

பயிற்சி தனியாக முழு வைத்தியம் ஆகாது. கஞ்சாப் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. பயிற்சி பெற்ற ஒருவரோடு தொடர்ந்து கதைத்து, எந்த நினைப்பு எந்தச் செயலுக்கு இழுக்கிறது என்று பிரித்துப் பார்த்துப் பழகும் சிகிச்சைதான் பலன் தருவதாகக் காட்டப்பட்டிருக்கிறது. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். அவர்களுடைய சிகிச்சை நிலையம் ஒன்று கண்டியிலும் இருக்கிறது. மனநலத்துக்கு 1926. பெரிய வைத்தியசாலைகளில் மனநல கிளினிக் நடக்கிறது. கஞ்சா வைத்திருப்பது சட்டப்படி குற்றம்தான், சிவனொளிபாதமலை சீசனில் ஹட்டன் பக்கம் பொலிஸ் நாய்களோடு சோதித்து இளைஞர்களைப் பிடிப்பது ஒவ்வொரு வருடமும் செய்தி. ஆனால் உதவி கேட்டு வைத்தியரிடம் போவது குற்றமில்லை. அந்தப் பயத்தில் வீட்டுக்குள்ளேயே வைத்து மறைத்து, நிலைமை முற்றிய பிறகு கூட்டிவருகிறார்கள். நெஞ்சு பொறுக்கவில்லை தங்கச்சி.

சில அடையாளங்களைக் கண்டால் நடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நேராக வைத்தியசாலைக்குப் போங்கள். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்றால், தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டால், சாக வேண்டும் போல் இருக்கிறது என்று சொன்னால். ஏறும்போது நெஞ்சு வலித்தாலும், மயங்கினாலும் அப்படியே. ஆஸ்துமா இழுப்பு உள்ளவர் என்றால் பயிற்சிக்கு முன்னால் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நம் குளிர்காற்று இழுப்பைக் கிளப்பும். கஞ்சாவோடு ஐஸ், ஹெரோயின் தூள், போதை மாத்திரை என்று வேறு ஏதாவது சேர்ந்திருந்தாலோ, தினமும் கசிப்போ சாராயமோ குடிப்பவராக இருந்தாலோ நான் மேலே சொன்ன எதையும் வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். அதிலும் தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து.

தம்பிக்கு ஓர் இலக்குக் கொடுக்க விரும்பினால், உங்கள் வாசலிலிருந்தே தெரியும் மலை ஒன்று இருக்கிறது. சிவனொளிபாதமலை, 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கத்துப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படி. மார்கழிப் போயாவுக்குச் சீசன் தொடங்கினால் வெசாக் வரை. சின்ன வயதில் அப்பாவின் தோளில் ஏறிப் போயிருப்பார். இந்த முறை அவர் அம்மாவைக் கூட்டிப்போகட்டும், அம்மாவின் நடைக்கு ஏற்ற மாதிரி. கொழுந்துக் கூடையைச் சுமந்து வருடக்கணக்காக ஏறி இறங்கியவர், நடையில் அவரை முந்துவது லேசல்ல. அதற்குத் தயாராவதற்கே தம்பிக்கு மூன்று மாதம் வேண்டும்.

நாளைக்கு ஓடச் சொல்லாதீர்கள். நாளைப் பின்னேரம் ஐந்து மணிக்கு, "கோயில் வரைக்கும் வாரியா, எனக்குத் தனியா போக ஏலாது" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வர மாட்டேன் என்றால் நீங்கள் போய்விட்டு வாருங்கள், அடுத்த நாளும் கேளுங்கள். சப்பாத்து இல்லை என்று காரணம் சொன்னால், பழைய சப்பாத்தே போதும், அடி தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மழையில் அந்தக் கல்படி வழுக்கும்.